அத்தியாயம் 6: கண்டிப் பக்கத்தில் பழைய வால்வு அம்ப் வாங்குதல்

பழைய வால்வு அம்ப் ஒன்றுக்குக் காசு கொடுக்கும்போது நீங்கள் உண்மையில் வாங்குவது மூன்று பொருட்களை: பவர் ட்ரான்ஸ்போமர், அவுட்புட் ட்ரான்ஸ்போமர், ஸ்பீக்கர். வால்வு புதிதாகக் கிடைக்கும். கண்டென்சரும் ரெசிஸ்டரும் மாற்றக்கூடியவை. பெட்டியைத் தச்சரிடம் கொடுத்துச் செய்வித்துக்கொள்ளலாம். ஆனால் 1960களில் சுற்றப்பட்ட ஓர் அவுட்புட் ட்ரான்ஸ்போமர் எரிந்துபோனால் அதே பொருள் கண்டியில் கிடைக்காது. கொழும்பிலும் எளிதில் கிடைக்காது. ஆகவே முன்பக்கத்தில் பளபளக்கும் பெயரைப் பார்த்து விலை பேசாதீர்கள். பின்பக்கத்தைத் திறந்து, இரும்பையும் செப்புக் கம்பியையும் பார்த்து விலை பேசுங்கள். இந்த அத்தியாயம் முழுவதும் அதை எப்படிச் செய்வது என்பதைப் பற்றியதுதான்.

மலைநாட்டில் என்னென்ன கிடைக்கும்?

எந்த ஊரில் என்ன கிடைக்கும் என்பதை அந்த ஊரின் வரலாறுதான் தீர்மானிக்கிறது. இலங்கையில் 1960களின் தொடக்கத்திலிருந்து 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. வெளிநாட்டுச் செலாவணி இல்லாததால் இசைக்கருவி வரவழைப்பது பெரும்பாடு. 1977இல் சந்தை திறந்தபோது உள்ளே வந்தவை பெரும்பாலும் ஜப்பானிய ட்ரான்சிஸ்டர் அம்ப்கள். வால்வின் காலம் அதற்குள் முடிந்துவிட்டது. கிளாரன்ஸ் விஜேவர்தன மின் கிட்டாரைச் சிங்கள மெல்லிசைக்குக் கொண்டுவந்ததும், நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் போன்றோர் தமிழில் பொப்பிசையைப் பரப்பியதும் இந்தத் தட்டுப்பாட்டுக் காலத்தை ஒட்டித்தான். மேடை இசைக்குத் தேவை பெருகியபோது கருவி வரத்து குறுகியிருந்தது. இதனால் கண்டி, மாத்தளை, கம்பளை, ஹற்றன் பக்கங்களில் உங்கள் கண்ணில் படக்கூடியவை நான்கு வகை.

முதல் வகை, பிரித்தானிய கிட்டார் அம்ப்கள்: வொக்ஸ், செல்மர், வொட்கின்ஸ், அரிதாக மார்ஷல். ஹோட்டல் வாத்தியக் குழுக்கள், கல்லூரி மண்டபங்கள், தேவாலயங்கள், வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்களின் வீடுகள் ஆகியவற்றில் தேடவேண்டும். அமெரிக்க ஃபெண்டர் அம்ப் இதைவிட அரிது.

இரண்டாவது வகை, ஒலிபெருக்கி அம்ப்கள். கோவில் திருவிழாவுக்கும் கல்யாண வீட்டுக்கும் கூட்டத்துக்கும் ஹோர்ன் ஸ்பீக்கர் கட்டியவர்கள் வைத்திருந்த பிலிப்ஸ், இந்திய அஹூஜா போன்றவை. கிட்டார்க்காரர்கள் இவற்றைக் கவனிப்பதில்லை. அதனால்தான் நல்ல விலைக்கு நல்ல இரும்பு இங்கே கிடைக்கிறது.

மூன்றாவது வகை, ரேடியோகிராமும் 16 மில்லிமீற்றர் திரைப்பட ப்ரொஜெக்டரும். பெல் அண்ட் ஹவல் ஃபில்மோசவுண்ட் ப்ரொஜெக்டரின் ஒலிப்பகுதியைக் கழற்றிக் கிட்டார் அம்ப் ஆக்குவது உலகெங்கும் நடக்கும் வேலை. தோட்டங்கள் 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டத்தின்கீழும், கம்பனித் தோட்டங்கள் 1975இலும் அரசின் கைக்குப் போனபின் வெள்ளைக்காரத் துரைமார் பலர் நாட்டை விட்டுப் போனார்கள். அவர்களுடைய பங்களாக்களிலும் கிளப்புகளிலும் இருந்த ரேடியோகிராம்கள் கைமாறி ஊருக்குள் வந்தன.

நான்காவது வகை, உள்ளூர் ரேடியோ பாஸ்மார் தங்கள் கையால் கட்டியவை. இங்கிலாந்தின் முல்லார்ட் நிறுவனம் 1959இல் வெளியிட்ட ஒலிபெருக்கிச் சுற்றுகளின் கையேடு உலகெங்கும் ரேடியோ வேலை தெரிந்தவர்களின் கையில் புழங்கியது. அதிலுள்ள "5-10" என்ற சுற்றில் ஐந்து வால்வு, பத்து வோட். "5-20" என்பதில் இருபது வோட். பெயர்ப்பலகை இல்லாத, தகரச் சட்டத்தில் கட்டிய ஓர் அம்ப்பில் ஈஎல்84 வால்வு இரண்டும் ஈஎஃப்86 ஒன்றும் இருந்தால் அது பெரும்பாலும் 5-10இன் வாரிசு. பெயரில்லை என்று ஒதுக்கிவிடாதீர்கள். நல்ல ட்ரான்ஸ்போமர் போட்டுக் கட்டியிருந்தால் பல பெயர்பெற்ற அம்ப்களுக்கு அது குறைந்ததல்ல.

பழைய வால்வுத் தொலைக்காட்சிப் பெட்டிகள் ஐரோப்பாவில் குவிந்து கிடந்தன. இலங்கையில் தொலைக்காட்சி தொடங்கியதே 1979இல் என்பதால் அந்தக் குவியல் இங்கே இல்லை. இங்கே பழைய வால்வுக்கு மூலம் ரேடியோதான்.

வால்வின் பெயரை வாசிக்கப் பழகுங்கள்

ஐரோப்பிய வால்வின் பெயரே அதன் சாதகக் குறிப்பு. முதலெழுத்து, வால்வைச் சூடாக்கும் இழைக்கு எந்த மின்சாரம் வேண்டும் என்று சொல்லும். ஈ என்றால் 6.3 வோல்ட். ஜி என்றால் 5 வோல்ட். டி என்றால் பெரும்பாலும் 1.4 வோல்ட் பற்றரி வால்வு. மின்சாரம் வராத காலத்து லயங்களில் உலர் பற்றரியில் பாடிய ரேடியோக்களில் இருந்தவை இவை, கிட்டாருக்கு உதவாதவை. அடுத்த எழுத்துகள் வால்வின் வேலையைச் சொல்லும்: சி ட்ரையோட், எஃப் சிறு பென்டோட், எல் ஸ்பீக்கரை ஓட்டும் பவர் பென்டோட், இஸட் ரெக்டிஃபையர். இலக்கம் அடிப்பாகத்தைச் சொல்லும்: 30களில் இருந்தால் எட்டுக்கால் ஒக்டல், 80களில் இருந்தால் ஒன்பது கால் சிறு கண்ணாடி.

இப்போது வாசித்துப் பாருங்கள். ஈஎல்34: 6.3 வோல்ட், பவர் பென்டோட், எட்டுக்கால். ஈஎல்84: அதே வேலை, ஒன்பது கால். ஈசிசி83: 6.3 வோல்ட், இரண்டு ட்ரையோட், ஒன்பது கால். ஈசிஎல்86 என்றால் ஒரே கண்ணாடிக்குள் ஒரு ட்ரையோட்டும் ஒரு பவர் பென்டோட்டும். ரேடியோகிராம்களில் இந்த வகை நிறைய உண்டு.

அமெரிக்கப் பெயர்களும் தெரிந்திருக்க வேண்டும். ஈசிசி83இன் அமெரிக்கப் பெயர் 12ஏஎக்ஸ்7. ஈஎல்84 அங்கே 6பிக்யூ5. ஈஎல்34 அங்கே 6சிஏ7. ஜிஇஸட்34 அங்கே 5ஏஆர்4. பிரித்தானியப் படைத்துறைக்குச் செய்த வால்வில் சிவி என்று தொடங்கும் இலக்கம் இருக்கும். சிவி4004 என்பது தரமுயர்ந்த ஈசிசி83. தென்கிழக்காசிய நேசப்படைக் கட்டளைத் தலைமையகம் 1944 ஏப்ரலில் டில்லியிலிருந்து கண்டியை அடுத்த பேராதனைப் பூங்காவுக்கு மாறியது. படைத்துறைக் குறியுள்ள வால்வு பழைய பெட்டியில் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள்.

இங்கே உயிருக்கான எச்சரிக்கை ஒன்று. வால்வுகளின் பெயர் யூ என்ற எழுத்தில் தொடங்கினால், உதாரணமாக யூசிஎல்82, யூஎல்84 என்று இருந்தால், அந்தப் பெட்டியில் பெரும்பாலும் பவர் ட்ரான்ஸ்போமரே இருக்காது. இழைகளை வரிசையாகக் கோத்து நேரடியாக வீட்டு மின்சாரத்தில் ஓட்டுவார்கள். சட்டத்தகடு மின்கம்பியோடு நேராகத் தொடுத்திருக்கும். ரேடியோவாக மரப்பெட்டிக்குள் இருக்கும்வரை பிழைக்கலாம். கிட்டார் வயரைச் செருகினால் அந்த மின்சாரம் கிட்டார் கம்பி வழியாக உங்கள் கைக்கு வரும். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். யாராவது அப்படி அம்ப் ஆக்கி வைத்திருந்தால் ஆபத்தை அவரிடம் சொல்லிவிடுங்கள்.

பெயர்பெற்றவற்றை இனங்காணல்

வொக்ஸ் ஏசி30 இங்கிலாந்தின் டார்ட்ஃபர்ட் ஊரில் ஜெனிங்ஸ் நிறுவனம் செய்தது. 1960ஐ ஒட்டி வெளிவந்தது. நான்கு ஈஎல்84, இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர், வைர வடிவக் கோடு போட்ட துணி. மேல்பலகை செப்பு நிறமாக இருந்தால் 1960களின் முதற்பாதி. சாம்பல் நிறம் அதற்குப் பிந்தியது. நீல நிறச் செலஸ்ஷன் அல்நிகோ ஸ்பீக்கர் இரண்டும் அசலாக இருந்தால் பெட்டியின் மதிப்பில் பெரும்பங்கு அவற்றில்தான் இருக்கிறது.

செல்மர் அம்ப்களில் முதலைத்தோல் போன்ற மேலுறை இருந்தால் 1963 முதல் 1965 வரையான காலத்தை நினைக்கலாம். வொட்கின்ஸ் டொமினேட்டரின் ஆரம்ப மாதிரியில் முன்பக்கம் நடுவில் கூர்ந்து, இரு ஸ்பீக்கரும் இரு பக்கம் பார்க்கும்.

மார்ஷல் 1962இல் லண்டன் ஹான்வெல்லில் தொடங்கியது. ஜேடிஎம்45 என்ற முதல் மாதிரி, ஃபெண்டர் பேஸ்மன் சுற்றை அடியொற்றிக் கட்டியது. 1969 நடுப்பகுதி வரை முன்பலகை கண்ணாடி போன்ற பிளெக்ஸிகிளாஸ். அதன்பின் பொன்னிற அலுமினியம். 1973, 74 வரை கையால் கம்பி கோத்த பலகை. பிறகு அச்சிட்ட சர்க்கிட் போர்ட்.

ஃபெண்டரில் துணியும் நிறமும் வழிகாட்டும். கோணி போன்ற ட்வீட் மேலுறை 1950களுக்கு உரியது. 1960 முதல் 1963 வரை பழுப்பு. 1963 முதல் 1967 வரை கறுப்புப் பலகை. அதன்பின் 1981 வரை வெள்ளிப் பலகை. 1965 ஜனவரியில் நிறுவனம் சிபிஎஸ்ஸின் கைக்கு மாறியது.

இவை எல்லாவற்றின் மறுபதிப்புகளும் பிற்காலத்தில் வந்திருக்கின்றன. பின்பலகையில் ஐரோப்பிய சிஈ முத்திரை இருந்தால் அது 1990களுக்கோ அதற்குப் பின்னருக்கோ உரியது. அது மோசமான அம்ப் என்று பொருளல்ல. 1964ஆம் ஆண்டுக்கான விலையை அதற்குக் கொடுக்க வேண்டியதில்லை.

வயதைக் கணித்தல்

ஓர் அம்ப்பின் வயதைச் சொல்லக்கூடிய சான்றுகள் பல. எதுவும் தனித்து நின்று போதாது. ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். விதி இதுதான்: அசலாக, கைபடாமல் இருக்கும் பாகங்களில் எது கடைசியாகச் செய்யப்பட்டதோ, அம்ப் அதைவிடப் பழையதாக இருக்க முடியாது. மிகப் பழைய பாகத்தைக் காட்டி விலை கூட்டும் வியாபாரியிடம் இந்த விதியை நினைவில் வையுங்கள்.

அமெரிக்கப் பாகங்கள்: ட்ரான்ஸ்போமர், வொல்யூம் கன்ட்ரோல், ஸ்பீக்கர் மூன்றிலும் ஆறு அல்லது ஏழு இலக்கக் குறி இருக்கும். முதல் மூன்று செய்தவர்: 220 ஜென்சன், 465 ஒக்ஸ்ஃபர்ட், 137 சிடிஎஸ், 304 ஸ்டாக்போல், 606 ஷூமேக்கர். கடைசி இரண்டு அந்த ஆண்டின் வாரம். நடுவில் இருப்பது ஆண்டு. 1376633 என்று வொல்யூம் கன்ட்ரோலின் முதுகில் இருந்தால் சிடிஎஸ், 1966, 33ஆம் வாரம். ஆறு இலக்கம் என்றால் ஆண்டின் கடைசி இலக்கம் மட்டுமே இருக்கும். 220622 என்பது ஜென்சன், 6இல் முடியும் ஆண்டின் 22ஆம் வாரம். அது 1956ஆ 1966ஆ என்பதை மேலுறையும் மாதிரியும் சொல்லும்.

ஃபெண்டர் பெட்டிக்குள் ஒட்டிய வால்வு அட்டவணைத் தாளில் 1950களிலும் 60களிலும் இரண்டு ஆங்கில எழுத்து முத்திரை குத்துவார்கள். முதலெழுத்து ஆண்டு: அகரவரிசையின் முதலெழுத்து 1951, அடுத்தது 1952 என்று பதினேழாவது எழுத்தான க்யூ 1967 வரை போகும். இரண்டாவது எழுத்து மாதம், ஏ ஜனவரி. "என் ஈ" என்றால் 1964 மே. கண்டியின் ஈரத்தில் இந்தத் தாள் முதலில் அழியும்; கிழிந்த துண்டு கிடைத்தாலும் விடாதீர்கள்.

மார்ஷலில் 1969 நடுப்பகுதியிலிருந்து 1980களின் தொடக்கம் வரை தொடர் இலக்கத்தோடு ஓர் எழுத்து வரும். ஏ 1969–70, சி 1971, டி 1972, ஈ 1973, எஃப் 1974, ஜி 1975, எச் 1976, ஜே 1977, கே 1978, எல் 1979, எம் 1980, என் 1981.

முல்லார்ட், பிலிப்ஸ் வால்வுகளின் கண்ணாடியின் அடிப்பக்கத்தில் இரண்டு வரி மெல்லிய குறி பொறித்திருக்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும், துடைத்துவிடாதீர்கள். இரண்டாம் வரியின் முதல் குறி தொழிற்சாலை: பிளாக்பர்னுக்கு அந்த ஊரின் முதலெழுத்து, மிச்சம் ஊருக்கு ஆர், ஒல்லாந்தின் ஹேர்லனுக்கு முக்கோணம். அடுத்தது ஆண்டின் கடைசி இலக்கம்; அதன்பின் மாத எழுத்து; கடைசியாக வாரம். "7 டி 2" என்றால் 7இல் முடியும் ஆண்டு, ஏப்ரல், இரண்டாம் வாரம். வால்வு எப்போதும் மாற்றப்படும் பாகம். அதனால் வயதுக்குச் சான்றாக அதைக் கடைசியில் வையுங்கள்.

பிரித்தானிய அம்ப்களில் இலக்கக் குறி குறைவு. சிறு சான்றுகளைக் கூட்டிப் பார்க்க வேண்டும். பின்பலகையில் 50 சைக்கிள் என்று இருந்தால் பெரும்பாலும் 1970க்கு முன். ஹேர்ட்ஸ் என்று இருந்தால் பின். மின்வயரின் உள்நிறம் சிவப்பு, கறுப்பு, பச்சை என்றால் 1970ஐ ஒட்டிய மாற்றத்துக்கு முந்தியது. பழுப்பு, நீலம், பச்சை-மஞ்சள் என்றால் பிந்தியது அல்லது பிறகு மாற்றியது. ஸ்பீக்கரில் 15 ஓம் என்று இருந்தால் 1960கள். பிற்காலத்தில் 16 ஓம்.

இலங்கைக்கே உரிய சான்றும் உண்டு. பின்பக்கத்தில் விற்ற கடையின் ஒட்டுச்சீட்டு இருக்கிறதா பாருங்கள். அதில் சிலோன் என்று அச்சிட்டிருந்தால், 1972 மே 22இல் நாடு ஸ்ரீலங்காவாகப் பெயர் மாறுவதற்கு முன் விற்றதாக இருக்க வாய்ப்பு அதிகம். இந்தச் சீட்டைக் கழுவித் துடைத்து அழகுபடுத்துபவர் பெட்டியின் பிறப்புச் சான்றையே அழிக்கிறார்.

ஓர் உதாரணம். பெயர் அழிந்த பிரித்தானியப் பெட்டி ஒன்று. உள்ளே ஒரு முல்லார்ட் வால்வில் "7 டி 2". அது 1957, 1967, 1977 மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். ஸ்பீக்கரில் 15 ஓம், பலகையில் சைக்கிள், வயர் சிவப்பு-கறுப்பு, கடைச்சீட்டில் சிலோன். 1977 விழுந்துவிட்டது. மேடைக்கான பெரிய கிட்டார் அம்ப் 1957இல் அரிது. எல்லாச் சான்றும் 1967ஐச் சுற்றி நிற்கின்றன. கையில் காகிதம் வைத்து இப்படி எழுதிப் பார்த்தால் குழப்பம் தீரும்.

ஈரமும் கறையானும்

கண்டி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரம். இரு பருவமழையும் தொடும் ஊர். நுவரெலியா, ஹற்றன் பக்கம் போனால் மாதக்கணக்கில் பனிமூட்டம். பாவிக்காமல் மூலையில் கிடந்த அம்ப்புக்கு இது பெரிய எதிரி.

ட்ரான்ஸ்போமரின் மெல்லிய செப்புக் கம்பியில் ஈரம் இறங்கினால் பச்சைக் களிம்பு பிடித்து, ஒருநாள் கம்பி அறும். மெழுகுத் தாள் கண்டென்சர்கள் ஈரத்தை உறிஞ்சி மின்சாரத்தைக் கசியவிடும். அந்தக் கசிவு பவர் வால்வின் கிரிட்டுக்குப் போனால் வால்வு செக்கச்சிவந்து எரிந்து, கூடவே அவுட்புட் ட்ரான்ஸ்போமரையும் கொண்டுபோகும். ஹண்ட்ஸ் என்ற பெயருள்ள பழைய பிரித்தானியக் கண்டென்சரைக் கண்டால் சோதிக்காமலே மாற்றச் சொல்லலாம். கடுகு மஞ்சள் நிற முல்லார்ட் கண்டென்சர்கள் அப்படியல்ல. பெரும்பாலும் இன்றும் நன்றாகவே இருக்கும், தேவையில்லாமல் கழற்றாதீர்கள். ஸ்பீக்கரின் கடதாசிக் கூம்பில் பூஞ்சணம் பிடிக்கும். காந்த இடுக்கில் துரு ஏறும். மரப்பெட்டியைக் கறையானும் உளுவும் தின்னும். அடியில் மாவு போல் தூள் விழுந்திருந்தால் பெட்டியை வீட்டுக்குள் கொண்டுவருமுன் மருந்தடியுங்கள்.

மழைக்காலத்தில் வாங்கிய அம்ப்பை உடனே மின்சாரத்தில் போடாதீர்கள். பின்பலகையைத் திறந்து, உலர்ந்த அறையில் சில நாள் காற்றாட வையுங்கள்.

மின்சாரம்

இலங்கை மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். பிரித்தானிய அம்ப்பின் பின்னால் வோல்ட் தெரிவு முனை இருக்கும். அதை 240 அல்லது 245இல் வையுங்கள். 220இல் வைத்தால் வால்வு இழைகள் அளவுக்கு மேல் சூடேறி ஆயுள் குறையும். அமெரிக்க அம்ப் 117 அல்லது 120 வோல்ட். ஜப்பானிய உள்நாட்டு மாதிரி 100 வோல்ட். அவற்றுக்குத் தனித்தனி ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்போமர் வேண்டும். அம்ப் இழுக்கும் வோட்டின் இரு மடங்கு தாங்குவதாக வாங்குங்கள். 60 ஹேர்ட்ஸுக்கு மட்டும் செய்த ட்ரான்ஸ்போமர் நம் 50 ஹேர்ட்ஸில் கூடுதலாகச் சூடேறும். ஒரு மணி நேரம் ஓட்டியபின் கை வைக்க முடியாத சூடு இருந்தால் ரேடியோ பாஸிடம் காட்டுங்கள்.

இரண்டு கம்பி வயரோடு வரும் பழைய அம்ப்புக்கு முதலில் எர்த் உள்ள மூன்று கம்பி வயரும் 13 அம்பியர் பிளக்கும் போடுங்கள். அமெரிக்க அம்ப்களில் மின்கம்பிக்கும் சட்டத்தகட்டுக்கும் நடுவில் ஒரு கண்டென்சர் இருக்கும். அதைக் கழற்றிவிட வேண்டும். பிளக்கில் எர்த் இருந்தால் போதாது, வீட்டுச் சுவரிலும் எர்த் இருக்க வேண்டும். பழைய லயன் வீடுகளிலும் தற்காலிகக் கோவில் மேடைகளிலும் இதைச் சோதிக்காமல் வாசிக்காதீர்கள்.

பார்க்கப் போகும் நாள்

பகலில் போங்கள். டோர்ச், மல்டிமீற்றர், கிட்டார், நல்ல வயர், சீரிஸ் பல்ப் ஆகியவற்றை எடுத்துப் போங்கள். சீரிஸ் பல்ப் என்பது அம்ப்புக்குப் போகும் மின்கம்பியில் வரிசையாகக் கோத்த 60 அல்லது 100 வோட் இழை பல்ப். எல்இடி பல்ப் உதவாது. ரேடியோ வேலை தெரிந்தவரைக் கூட்டிப் போக முடிந்தால் இன்னும் நல்லது.

"அண்ணே, வாங்குற எண்ணத்தோடதான் வந்திருக்கேன். பின்பக்கத்தைக் கொஞ்சம் கழட்டிப் பார்க்கலாமா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். பொருளில் நம்பிக்கை உள்ளவர் சம்மதிப்பார்.

சட்டத்தகட்டுக்குள் விரல் விடாதீர்கள். மின்வயரைக் கழற்றிய பிறகும் ஃபில்டர் கண்டென்சர்களில் 300 முதல் 500 வோல்ட் வரை தங்கியிருக்கும். பழக்கம் உள்ளவர் ரெசிஸ்டர் வழியாக அதை இறக்கி, மீற்றரில் பூச்சியம் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.

பிறகு இந்த ஒழுங்கில் பாருங்கள்.

1. முகர்ந்து பாருங்கள். ட்ரான்ஸ்போமர் எரிந்த வார்னிஷ் வாடை பல ஆண்டு போகாது. தார் உருகி வழிந்த அடையாளம் இருக்கிறதா பாருங்கள்.

2. ட்ரான்ஸ்போமரின் திருகாணிகளும் அதன் கம்பிகளின் ஈயப் பற்றும் கைபடாதவையா? புதிய பளபளப்பான ஈயம் அங்கே இருந்தால் ட்ரான்ஸ்போமர் மாற்றியதாக இருக்கலாம்.

3. மின்சாரம் கொடுக்காமல் அவுட்புட் ட்ரான்ஸ்போமரின் நடுமுனையிலிருந்து இரு பவர் வால்வு முனைகளுக்கும் ஓம் அளவிடுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒத்திருக்க வேண்டும். சிறு வேறுபாடு இயல்பு. ஒரு பக்கம் அளவே காட்டாவிட்டால் கம்பி அறுந்துவிட்டது.

4. ஸ்பீக்கர் கூம்பை விரல்களால் மெதுவாக உள்ளே அழுத்துங்கள். உரசும் சத்தம் வந்தால் கொயில் ஒட்டுகிறது.

5. எல்லா வால்வையும் இடம் குறித்துக் கழற்றி, சீரிஸ் பல்ப் வழியாக மின்சாரம் கொடுங்கள். பல்ப் ஒருகணம் மின்னி அணைய வேண்டும். பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் பவர் ட்ரான்ஸ்போமரில் கோளாறு இருக்கலாம், அங்கேயே நிறுத்துங்கள்.

6. வால்வைப் போட்டு, ஸ்பீக்கரை இணைத்து, மீண்டும் பல்ப் வழியாகக் கொடுங்கள். பல்ப் கொஞ்சம் எரிந்து மங்கும். ஸ்பீக்கர் இல்லாமல் வால்வு அம்ப்பை ஒருபோதும் ஓட்டாதீர்கள். அவுட்புட் ட்ரான்ஸ்போமர் உடையும் முதற்காரணம் அதுதான்.

7. எல்லாம் சரியென்றால் நேராக மின்சாரத்தில் போட்டு, பவர் வால்வின் உலோகத் தகடு சிவக்கிறதா என்று பாருங்கள். சிவந்தால் உடனே அணையுங்கள். சிவக்காவிட்டால் கிட்டாரைச் செருகி, குறைந்த சத்தத்திலும் கூடிய சத்தத்திலும் அரைமணி நேரம் வாசியுங்கள்.

ஒலிபெருக்கி அம்ப் என்றால் இரண்டு விஷயம் கூடுதலாகப் பார்க்க வேண்டும். ஸ்பீக்கர் முனைகளில் 4, 8, 16 ஓம் என்று இருக்கிறதா? 100 வோல்ட் லைன் முனை மட்டும் இருந்தால் அது தூரத்து ஹோர்ன்களுக்கு. சாதாரண கிட்டார் ஸ்பீக்கரை அதில் நேராக இணைக்கக் கூடாது. மைக் வழி உயர் இம்பீடன்ஸ் வகையா? அப்படியானால் கிட்டாரை அப்படியே செருகலாம். இல்லையென்றால் ரேடியோ பாஸ் சிறு மாற்றம் செய்ய வேண்டிவரும்.

விலை பேசுதல்

வெளிநாட்டு விலையைத் தொலைபேசியில் காட்டி விலை சொல்பவர்கள் இப்போது அதிகம். அந்த விலை திருத்தி, சோதித்து, வேலை செய்யும் அம்ப்புக்கானது என்று பணிவாகச் சொல்லுங்கள். அதே மாதிரியின் வேலை செய்யும் அம்ப்புக்கான விலையிலிருந்து நான்கு செலவைக் கழியுங்கள்: வால்வு முழுத்தொகுதி, ஃபில்டர் கண்டென்சர்கள், ரேடியோ பாஸின் கூலி, ஸ்பீக்கர் கூம்பு மாற்றுதல். ஸ்லோவாக்கியாவின் ஜேஜே போன்ற புதிய வால்வுகள் இன்றும் செய்யப்படுவதால் வால்வு இல்லை என்பது பெரிய குறையல்ல.

அவுட்புட் ட்ரான்ஸ்போமர் போயிருந்தால் கணக்கே வேறு. பவர் ட்ரான்ஸ்போமரை மோட்டர் கொயில் சுற்றுபவர் ஒருவர் ஓரளவு சுற்றித் தருவார். அவுட்புட் ட்ரான்ஸ்போமரில் சுற்றுகளை அடுக்கடுக்காகப் பிரித்து இடைவிட்டுச் சுற்றுவார்கள். அந்த முறை தெரியாமல் சுற்றினால் ஓசை அசலுக்கு வராது. அப்படிப்பட்ட அம்ப்புக்குப் பெட்டி, ஸ்பீக்கர், சட்டத்தகடு ஆகியவற்றின் விலை மட்டும் கொடுங்கள்.

மேலுறை கிழிந்தது, கைப்பிடி இல்லை, குமிழ் மாறியது ஆகியவை விலையைக் குறைக்கும், ஓசையைக் கெடுக்காது. வாசிப்பதற்காக வாங்குபவருக்கு இவைதான் வாய்ப்பு.

வாங்கியபின்

முதல் செலவு ஃபில்டர் கண்டென்சர், எர்த் வயர், சரியான ஃபியூஸ் மூன்றுக்கும் போகட்டும். மேலுறை, துணி, வர்ணம் பிறகு பார்க்கலாம். கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் பையில் போட்டு, எந்த இடத்திலிருந்து, எந்தத் திகதியில் கழற்றியது என்று எழுதிப் பெட்டியின் அடியில் வையுங்கள். வொல்யூம் கன்ட்ரோல், ஸ்பீக்கர், பழைய கடைச்சீட்டு எதையும் எறியாதீர்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது அம்ப்பை ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். மலைநாட்டு ஈரத்துக்கு அந்தச் சூடுதான் மருந்து.

வால்வு வேலை தெரிந்த ரேடியோ பாஸ்மார் இன்று நம் ஊர்களில் சிலர்தான். அப்படி ஒருவரை அறிந்திருந்தால் அவருக்கு வேலை கொடுங்கள், கூலியைக் குறைக்காதீர்கள், ஆர்வமுள்ள இளையவர் ஒருவரை அவர் பக்கத்தில் உட்கார வையுங்கள். பின்பக்கத்தைத் திறக்க விடாத விற்பனையாளரிடம் மட்டும் எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.